வெட்டல்ல, கிழிசல்

பூனாவுக்கு வந்த புதிதில், எங்கள் குடியிருப்பின் காவலாளி ஒருநாள் என்னைக் கைகாட்டி நிறுத்தினார். படிக்கட்டுக்கு அடியில் ஒரு பெட்டை நாய் குட்டிகளோடு படுத்திருந்தது. "மேடம், உதர் மத் ஜாயியே, காடேகீ" என்றார். அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பது வரை புரிந்தது. எனக்கு அப்போது தெரிந்த இந்தி முழுக்க விஷ்ராந்த்வாடி காய்கறிக் கடையில் பொறுக்கியது. அந்தக் கடையில் 'காட்னா' என்றால் வெட்டுவது. பூசணியை வெட்டித் தரவா, பலாவை வெட்டித் தரவா என்று கேட்கும் சொல். நாய் வெட்டும் என்கிறாரே என்று விழித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் தெரிந்தது, இந்தியில் கத்தி செய்வதும் 'காட்னா', நாயின் பல் செய்வதும் 'காட்னா' என்று. கொசுவும் 'காட்'டும். தையல்காரர் துணியை 'காட்'டுவார். பூனை குறுக்கே போனால் நம் வழியை 'காட்'டிவிட்டது என்பார்கள். பேசப் பிடிக்காவிட்டால் போனை 'காட்'டிவிடலாம்.

நம்மிடம் கடிப்பதற்கு ஒரு சொல், வெட்டுவதற்கு ஒரு சொல், நறுக்க, அரிய, அறுக்க, கீற, கிழிக்க, பிய்க்க என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஊரில் இருந்தவரை இதை ஒரு வசதி என்றே நான் நினைத்ததில்லை. மூச்சு மாதிரி அது பாட்டுக்கு இருந்தது. திண்டுக்கல்லில் நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, என் அண்ணன் சுவரேறிக் குதித்து முள்கம்பியில் காலைக் கொடுத்துக்கொண்டான். கெண்டைக்கால் திறந்துபோயிருந்தது. அரசு ஆஸ்பத்திரி நர்சம்மா அவனை ஏற இறங்கப் பார்த்து, "எவனும் வெட்டுனானாடா?" என்று கேட்டார். "கம்பி கிழிச்சிருச்சுக்கா" என்றான் அண்ணன். அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை. ஒரு வினைச்சொல்லே சாட்சி சொல்லி அவனை வீட்டுக்கு அனுப்பிவைத்தது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். என்னைப் போல மொழி மாறி வாழ்பவர்களுக்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்று என் கணவர் பாஸ்கரன் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மென்பொருள் கம்பெனியில் வேலை. நான் ஊரில் கணக்கு டீச்சராக இருந்து, கல்யாணமான சில வருஷங்களில் அவருக்கு மாற்றல் வந்ததும் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவள். மகள் இனியா பள்ளிக்குப் போயிருந்தாள். காலையிலிருந்தே எங்களுக்குள் சண்டை. இங்கேயே ஒரு வீடு வாங்கிவிடலாம் என்பது அவர் கட்சி. திரும்பிப் போய்விடலாம் என்பது என் கட்சி. அந்தச் சண்டை எங்களுக்குப் பழசுதான், ஆனால் அன்று குரல் ரொம்பவே உயர்ந்துவிட்டது. தமிழில் கத்தினால் இங்கே யாருக்கும் புரியாது என்ற தைரியம் வேறு. சொல்தான் புரியாது, சத்தம் எல்லோருக்கும் புரியும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

மதியச் சமையலுக்குப் பூசணியை வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் கோபத்தோடு சமையலறைக்குள் வந்து, பரணில் இருந்த பெரிய குக்கரை எடுக்க ஸ்டூலைப் போட்டு ஏறினார். நான் எடுக்கச் சொல்லி ஒரு வாரமாகியிருந்தது. சண்டையின் நடுவே அந்த வேலையைச் செய்து முடிப்பதும் சண்டையின் ஒரு பகுதிதான், கல்யாணமானவர்களுக்குத் தெரியும். ஸ்டூலின் ஒரு கால் ஈரத்தில் வழுக்கியது. நான் திரும்புவதற்குள் கிரானைட் மேடை விளிம்பில் அவர் நெற்றி மோதிய சத்தம் கேட்டது. தேங்காய் உடைக்கிற சத்தம் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான்.

இடது புருவத்துக்கு மேலே நேர்கோடாக ஒரு பிளவு. நெற்றியில் பட்டால் இவ்வளவு ரத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. முகம், சட்டை, என் புடவை, தரை எல்லாம் சிவப்பு. கண் திறந்திருந்தது, ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு அலறினேன். எதிர்வீட்டு ஷிண்டே காகூ ஓடிவந்தார். அறுபது வயதுக்காரர். காகூ என்றால் சித்தி மாதிரி, பக்கத்து வீட்டுப் பெரிய பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். காகூ என் கையைப் பார்த்து ஒரு நொடி வாசலிலேயே நின்றார். நானும் அப்போதுதான் பார்த்தேன். கத்தியைக் கீழே வைக்காமலே போய்க் கதவைத் திறந்திருக்கிறேன்.

துண்டை நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காகூவும் நானுமாக அவரை ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் இளவயது டாக்டர் ஒருவர் இருந்தார். நல்ல பையன், பதற்றமில்லாமல் வேலை செய்தார். காயத்தின் மேல் பஞ்சை வைத்து அழுத்தியபடியே, "க்யா ஹுவா?" என்று கேட்டார், என்ன ஆயிற்று என்று.

எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆங்கிலத்தில் பாடம் எடுத்தவள். ஆனால் பயத்தில் கைக்கு எது அகப்படுகிறதோ அதைத்தான் பிடிக்கிறோம். அவர் இந்தியில் கேட்டார், என் வாயிலும் இந்திதான் வந்தது. நான் பூசணி வெட்டிக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் இவருக்கு அடிபட்டுவிட்டது என்று சொல்ல நினைத்தேன். பூசணிக்கு என்ன சொல்வார்கள் என்று வரவில்லை. வாரா வாரம் வாங்குகிற காயின் பெயர், தலையைக் குலுக்கினாலும் வரவில்லை. அதை விட்டுவிட்டு மீதியைச் சொன்னேன்.

"மை காட் ரஹீ தீ. இன்கா ஸிர் கட் கயா."

நான் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் தலை வெட்டுப்பட்டுவிட்டது.

டாக்டரின் கை நின்றது. "கிஸ் ஸே காட் ரஹீ தீ?" என்று நிதானமாகக் கேட்டார். எதால் வெட்டிக்கொண்டிருந்தாய் என்று.

"சாகூ ஸே" என்றேன். கத்தியால். உண்மையைத்தானே கேட்கிறார், உண்மையைத்தானே சொல்கிறேன் என்ற வேகம் எனக்கு.

அவர் காகூவைப் பார்த்தார். காகூ தலையைக் குனிந்துகொண்டு மராத்தியில் ஏதோ சொன்னார். 'பாண்டண்' என்ற சொல் காதில் விழுந்தது. சண்டை. 'ஹாதாத் சாகூ' என்றது அதற்குப் பிறகு. கையில் கத்தி. டாக்டர் நர்சிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். என்னைக் கட்டிலிலிருந்து தள்ளி, சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எதற்காக என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை. ரத்தத்தைத் துடைக்கச் சொல்கிறார்கள் போல என்று புடவை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் காக்கி உடையில் ஒரு பெண் போலீஸ் வந்தார். என் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பெயர் கேட்டார். சுதா என்றேன். எந்த ஊர் என்றார். பிறகு, கொஞ்சம்கூடக் குரலை உயர்த்தாமல், "கத்தி இப்போது எங்கே?" என்று இந்தியில் கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குள் இறங்க நேரம் பிடித்தது. கத்தி எங்கே என்று இவருக்கு எதற்கு? வீட்டில், சமையல் மேடையில், வெட்டின காய்க்குப் பக்கத்தில் இருக்கும். அதைச் சொல்ல வாய் திறந்தபோதுதான் அந்த அறை முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நர்ஸ், வார்டு ஆயா, பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரின் மனைவி. அந்த மனைவி தன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். நான் புருஷனை வெட்டியவள். கண்ணீர்கூட வரவில்லை.

ஓடிப்போய் அந்த இளம் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். ஸ்டூலிலிருந்து விழுந்தார், கல்லில் மோதினார், நான் காய்தான் வெட்டிக்கொண்டிருந்தேன் என்றேன். இப்போது ஆங்கிலம் தண்ணீர் மாதிரி வந்தது. "மேடம், முதலில் கத்தி என்றீர்கள்" என்றார் அவர். "காயத்தின் ஓரமும் நேராக இருக்கிறது." முதலில் சொன்னது உண்மை, யோசித்துச் சொன்னது கதை என்பது எல்லா ஊரிலும் வழக்கம்தான். அவர் எழுதியிருந்ததில் ஒரு சொல் என் கண்ணில் பட்டது. இன்சைஸ்ட். கூர்மையான ஆயுதத்தால் வெட்டுப்பட்டது என்று அதற்கு அர்த்தம்.

அதற்குள் பாஸ்கரனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. பேர் சொன்னார், கம்பெனி பெயர் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. இனி இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் போலீஸ் கட்டிலருகே போய்க் குனிந்து கேட்டார்: "பீவீ நே மாரா க்யா?"

பெண்டாட்டி அடித்தாளா. பாஸ்கரன் கூரையைப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். யாரோ தெரிந்தவரை ரயிலில் பார்த்தது போல் ஒரு பார்வை.

"பதா நஹீ" என்றார்.

தெரியாது.

இத்தனை வருஷ வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட, அடிபட்ட மூளை உளறுகிறது என்று விட்டிருப்பேன். தெரியாது என்பதற்கு நான் எங்கே போவேன்? பெண் போலீஸ் அதை எழுதிக்கொண்டார். காகூ அப்போது எழுந்து என் அருகில் வந்து, "இனியாவின் பள்ளி பஸ் வரும் நேரம். நான் போய்க் கூட்டிக்கொள்கிறேன்" என்றார். அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். என் கையில் கத்தி இருந்தது என்று சொன்னவரின் கையில்தான் என் பிள்ளையை ஒப்படைக்க வேண்டியிருந்தது. இந்த ஊரில் எனக்கு வேறு யாரும் இல்லை.

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தார்கள். மண்டைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்றார்கள். தையல் போட ஒரு மூத்த டாக்டர் வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண்மணி, மராத்திக்காரர். அவருக்கு யாரையும் பார்க்க நேரமில்லை. காயத்தை மட்டும்தான் பார்த்தார். விளக்கை இழுத்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஓரங்களை இடுக்கியால் மெல்ல விலக்கிப் பார்த்தார். அப்புறம் இளம் டாக்டரைக் கூப்பிட்டார்.

"நீ என்ன எழுதியிருக்கிறாய்?"

"இன்சைஸ்ட், மேடம்."

"உள்ளே பார்."

அவர் குனிந்தார். நான் ஒதுங்கி நின்ற இடத்திலிருந்து அவர்கள் பேசியது எல்லாம் கேட்டது. தோலுக்கு நேர் கீழே எலும்பு இருக்கிற இடத்தில், நெற்றியிலோ முழங்கால் முன்புறத்திலோ பலமாக மோதினால் தோல் கத்தி பட்டதுபோல் நேராகப் பிளக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்றார் அந்த அம்மா. கத்தி என்றால் குறுக்கே இருக்கிற எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போயிருக்கும். இங்கே அடியில் சதை இழை இழையாக இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓரம் கன்றியிருக்கிறது. புருவ முடி அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது. "திஸ் இஸ் லேசரேட்டட்" என்றார். "மாற்றி எழுது."

லேசரேட்டட். அந்தச் சொல்லை நான் அதற்குமுன் படித்திருக்கிறேன். செய்தித்தாளில், விபத்துச் செய்திகளில் வரும். பலத்த காயம் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெரிய சொல் என்று நினைத்து அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு வாழ்க்கை அடங்கியிருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பெண் போலீசுக்கும் அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை. "ம்ஹண்ஜே?" என்று கேட்டார், அப்படியென்றால் என்ன என்று. டாக்டரம்மா ஊசியில் நூல் கோத்தபடியே, திரும்பாமல் சொன்னார்: "ஃபாட்லய். காப்லேல நாஹீ."

கிழிந்திருக்கிறது. வெட்டினது இல்லை.

மராத்தியில் வெட்டுவதற்கு ஒன்று, கிழிவதற்கு ஒன்று, கடிப்பதற்கு வேறொன்று என்று நம்மைப் போலவே தனித்தனியாக இருக்கிறது. அந்தப் பெண் போலீசின் முகத்தில் இருந்த இறுக்கம் அந்த இரண்டு சொல்லில் அவிழ்ந்ததை நான் பார்த்தேன். "மேடையில் மோதினாரா?" என்றார் என்னிடம். ஆமாம் என்றேன். "முதலிலேயே அப்படிச் சொல்லியிருக்கலாமே, தாயீ" என்றார், அக்கா என்கிற மாதிரி. கேள்விகள் அதோடு முடிந்துவிடவில்லை. இன்னொரு போலீஸ்காரர் வீட்டுக்குப் போய் ஸ்டூலையும் மேடை விளிம்பில் இருந்த ரத்தத்தையும் பார்த்துவிட்டு வந்தார், நான் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அவர்கள் என்னோடு பேசிய தொனி மாறிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தபோதுதான் என் பல் பாட்டிலில் தட்டுவது கேட்டது.

சாயங்காலம் அவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் சமையலறைத் தரை துடைத்திருந்தது. காகூ துடைத்திருக்கிறார். மேடையின் மேல் பாதி வெட்டிய பூசணி காய்ந்துபோய்க் கிடந்தது. மராத்தியில் போப்ளா என்ற சொல் அப்போது வந்தது. இந்தியில் கத்தூ என்பதும் கூடவே வந்தது. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அன்றைக்கு முதல்முறையாக அழுதேன்.

சிறிது நேரத்தில் காகூ இனியாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு டப்பாவில் போஹா, அவல் உப்புமா, கொண்டுவந்திருந்தார். உள்ளே வரவில்லை. "மீ கோட்ட நாஹீ போல்லே" என்றார். நான் பொய் சொல்லவில்லை என்று. எனக்கு அவர்மேல் கோபப்பட ஆசையாக இருந்தது, முடியவில்லை. அவர் கண்டது கத்தியைத்தான், கேட்டது சண்டையைத்தான். "ஹோ காகூ", ஆமாம் என்று மட்டும் சொல்லி டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

ஊரிலிருந்து அத்தை போன் செய்தார், பாஸ்கரனின் அம்மா. அவருக்கும் எனக்கும் என்றைக்குமே அவ்வளவாக ஒத்துப்போனதில்லை. போலீஸ் வந்ததை மறைக்கத்தான் நினைத்தேன், ஆனால் அவர் குரலைக் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அத்தை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நீ வெட்டுனியாமா? எந்தக் கிறுக்கன் சொன்னான்? கோழி அறுக்கச் சொன்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிப்ப, நீ எம் மகன வெட்டிருவியாக்கும்! அந்த ஊர்க்காரவுகளுக்கு ஆளு தராதரம் தெரியாதாமா?" என்றார். காயத்தைப் பார்க்கவில்லை, ஸ்கேன் பார்க்கவில்லை, அவ்வளவு தூரத்திலிருந்து சொல்லிவிட்டார்.

அத்தை சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இன்னும் வலித்தது. இரண்டு நாள் பொறுத்து, பாஸ்கரனுக்குத் தலைசுற்றல் நின்றபிறகு, கஞ்சி கொடுக்கும்போது கேட்டேன்.

"இல்லேன்னு ஏன் சொல்லல?"

"எனக்கு ஸ்டூல்ல ஏறுனதே ஞாபகமில்ல சுதா. டாக்டரும் அப்பிடித்தான் ஆகும்னாங்க. ஞாபகமில்லாதத எப்பிடி இல்லேன்னு சொல்றது?"

"நான் உங்கள வெட்டுவேனா மாட்டேனாங்கிறதுக்கு ஞாபகம் வேணுமா?"

அவர் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தார். கட்டுக்குக் கீழே கண் வீங்கி நீலமாக இருந்தது. "சண்ட போட்டது மட்டும் ஞாபகம் இருந்துச்சு" என்றார். "நீ பேசுன பேச்சும், நான் பேசுன பேச்சும். அதுக்கு அடுத்து கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி. நடுவுல என்னன்னு தெரியல. பயந்துட்டேன்."

"என்னப் பாத்தா?"

"நம்மளப் பாத்து."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. வேறு ஊரில், வேறு யாருமில்லாமல் இரண்டு பேர் மட்டும் ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தால், கடைசியில் எதையும் நடக்காது என்று சொல்ல முடியாத இடத்துக்கு வந்துவிடுகிறோமோ என்னவோ. அதன் பிறகு நாங்கள் சண்டை போடாமல் இல்லை. குரலைத் தாழ்த்தியிருக்கிறோம். நான் மராத்தி வகுப்புக்குப் போகிறேன், இந்தியையும் ஒழுங்காகக் கற்கிறேன். வினைச்சொல்லுக்கு முன்னால் பெயர்ச்சொல்லை மறக்காமல் சொல்கிறேன். வீடு இன்னும் வாங்கவில்லை, ஊருக்கும் திரும்பவில்லை.

கோடை விடுமுறைக்குத் திண்டுக்கல் போயிருந்தோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கும்போது இனியா கல்தடுக்கி முழங்கால் தரையில் தேய விழுந்தாள். விழுந்த வேகத்தில், "ஆயீ! ஆயீ க!" என்று அலறினாள். அம்மா என்று மராத்தியில். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை, பள்ளிக்கூடத்தில் விழுந்து எழுந்து பழகிய வாய். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா பதறிப்போய், "யாரு புள்ளம்மா இது? ஆயி வருதாம், தூக்கிட்டுப் போங்க. கக்கூசு அந்தா, அங்கிட்டு இருக்கு" என்று கைகாட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பையைப் போட்டுவிட்டு ஓடி அவளைத் தூக்கினேன். "காய் ஜால பாளா? குட லாகல?" என்று என் வாய் கேட்டது. என்னடா ஆச்சு, எங்கே பட்டது என்று. சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

முழங்காலில் தோல் மட்டும் உரிந்து மண் ஒட்டியிருந்தது. பூக்கார அம்மா செம்பில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியூர்க்காரர்களிடம் பேசுகிறபோது வருமே, அந்த மரியாதை அவர் குரலில் வந்திருந்தது.

"நீங்க எந்த ஊருங்கம்மா?"

"இந்த ஊருதாங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. நம்பியதுபோல் தலையை ஆட்டிவிட்டு, என்னோடு பேசுவதற்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரக்கச் சொன்னார்: "புண்ணுல... தண்ணி... மெதுவா... ஊத்துங்க." என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இனியா இன்னும் ஆயீ, ஆயீ என்றுதான் விம்மிக்கொண்டிருந்தாள்.